விண்டோஸ் 10 லாக் ஸ்கிரீனில் வரும் படங்களை டெஸ்க்டாப் வால்பேப்பராக வைப்பது எப்படி?

வைக்கலாம். லாக் ஸ்கிரீனில் படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் ‘விண்டோஸ் ஸ்பாட்லைட்’ வசதியில் வரும் மலையும் கடலும் ஏற்கெனவே உங்கள் கணினியில்தான் இறங்கிக் கிடக்கின்றன. கண்ணில் படாத ஃபோல்டரில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ பகுதிக்குப் போய் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். பிறகு சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் பெயருள்ள ஃபோல்டர், ஆப்டேட்டா, லோக்கல், பேக்கேஜஸ் என்று வரிசையாக உள்ளே போங்கள். அங்கே ‘கன்டென்ட் டெலிவரி மேனேஜர்’ என்று பெயரில் வரும் ஃபோல்டரைத் திறந்து, லோக்கல்ஸ்டேட், அப்புறம் அசெட்ஸ்.

அசெட்ஸைத் திறந்ததும் படம் ஒன்றுகூடத் தெரியாது. எண்ணும் எழுத்தும் கலந்த நீளப் பெயர்களோடு, எக்ஸ்டென்ஷனே (கோப்பின் வகையைச் சொல்லும் கடைசிப் பகுதி) இல்லாத கோப்புகள்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், படங்கள் அவைதான். அளவுப்படி வரிசைப்படுத்தினால் பெரியவை மேலே வரும். சில கேபி மட்டும் உள்ளவை பெரும்பாலும் ஐகான்கள், விட்டுவிடுங்கள்.

பெரியவற்றை வேறு ஃபோல்டருக்குக் காப்பி செய்து, அங்கே பெயரின் கடைசியில் ‘.ஜேபிஜி’ என்பதை ஆங்கில எழுத்தில் சேருங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். அந்த இடத்தை விண்டோஸ் தானே அவ்வப்போது காலி செய்துவிடும். பிடித்த படத்தை உடனே எடுத்துக்கொள்வது நல்லது என்பதும் இதனால்தான்.

1920 x 1080 படங்கள் கணினித் திரைக்கு. 1080 x 1920 செங்குத்துப் படங்கள் மொபைலுக்குப் பொருந்தும். இனி ரைட் கிளிக் செய்து ‘செட் அஸ் டெஸ்க்டாப் பேக்ரவுண்ட்’ கொடுத்தால் போதும்.

விண்டோஸ் 11 என்றால் இந்தப் பாடே வேண்டாம். செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், பேக்ரவுண்ட் போய் ‘விண்டோஸ் ஸ்பாட்லைட்’ தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப்பில் தானாகவே படம் மாறிக்கொண்டிருக்கும்.