கை எட்டும் தூரம்

வணக்கம் சார்,

குத்துச்சண்டை வீரர்கள் ஒலெக்சாண்டர் உசிக், டைசன் ஃபியூரி இருவரும் மோதிய முதல் சண்டையைப் பற்றிய உங்கள் குறிப்பில் 'உசிக் இதைக் காலால் ஜெயித்தார்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது பிடிபடவில்லை. எடை குறைந்த பிரிவுகளில் ஓடியாடி ஜெயிக்கலாம், சரி. ஹெவிவெயிட்டில் ஒரே ஒரு அடி சரியாக விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அங்கே உயரமும் கைநீளமும் உள்ளவருக்குத்தானே எப்போதும் சாதகம்? ஃபியூரியின் ரீச் 85 அங்குலம், உசிக்குக்கு 78. ஏழு அங்குலத்தைக் கால் எப்படி ஈடுகட்டும்? டெக்னிக், டெக்னிக் என்கிறார்களே, அது உண்மையில் என்ன?

கே.

அன்புள்ள கே.,

அந்த ஏழு அங்குலத்திலிருந்தே தொடங்குகிறேன். ரீச் என்று அவர்கள் சொல்வது ஒரு கையின் நீளம் அல்ல. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை அளப்பது. மார்பின் அகலமும் தோள்களும் அதற்குள் வந்துவிடும். ஆகவே ஒரு கைக்கு வித்தியாசம் ஏறக்குறைய மூன்றரை அங்குலம்தான் வரும். ஒரு சிறிய எட்டில் கடந்துவிடக்கூடிய தூரம். ஆனால் அந்த ஒரு எட்டை எப்போது, எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தவறான நேரத்தில் வைத்தால் ஜாபின் மேலேயே, அதாவது முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டி அடிக்கும் குத்தின் மேலேயே, போய் முட்டிக்கொள்வீர்கள்.

உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபியூரி 6 அடி 9 அங்குலம். இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்தாலே அவர் தலை எட்டாத இடத்துக்குப் போய்விடும். மற்ற பிரிவுகளில் எடைக்கு மேல்வரம்பு உண்டு, அதனால் உடல்களும் ஓரளவு பொருந்திவரும். ஹெவிவெயிட்டில் 200 பவுண்டைத் தாண்டிவிட்டால் அப்புறம் வரம்பே கிடையாது. இவ்வளவு பெரிய உடல் வித்தியாசங்கள் இங்கே மட்டும் வருவது அதனால்தான். கால்வேலை சிறிய பிரிவுகளுக்கு மட்டும் உரியது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது இங்கேதான் அதிகம் தேவை என்பது என் கட்சி.

2024 மே 18, ரியாத். அந்தச் சண்டையை மூன்றாவது முறை பார்த்தபோது ஒரு காரியம் செய்தேன். டிவி திரையின் மேல்பாதியை ஒரு அட்டையால் மறைத்துவிட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் பார்த்தேன். வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. உசிக் இடதுகைக்காரர், சவுத்பா. அவருக்கு வலது கால் முன்னால் நிற்கும். ஃபியூரி பெரும்பாலும் இடது காலை முன்னால் வைத்து நிற்பவர். ஆகவே இரண்டு முன்கால்களும் நேருக்கு நேர் வந்து முட்டும். இதில் யாருடைய முன்கால் மற்றவருடைய காலுக்கு வெளிப்புறம் ஊன்றுகிறதோ, அவருடைய பின்னால் இருக்கும் கைக்கு நேர்ப்பாதை திறக்கும். உசிக்கின் வலது கால் ஓயாமல் அந்த வெளிப்பக்க இடத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. முழு அடி வைக்கவில்லை. அரை அடி, கால் அடி என்று சின்னச் சின்ன எட்டுகள். ஃபியூரியின் கால் அதைத் தடுக்கத் திரும்பும். திரும்புகிற அந்தக் கணத்தில் அவரால் அடிக்க முடியாது. ஜாப் வரும்போது அதை எதிர்த்து நுழையாமல், நீண்ட கை திரும்பிப் போகும்போது அதன் கூடவே உள்ளே போவதுதான் வித்தை.

இது சுலபமாக நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நடு ரவுண்டுகளில் ஃபியூரிதான் மேலே இருந்தார். உள்ளே வருபவரின் மோவாய்க்குக் கீழிருந்து அப்பர்கட், வயிற்றில் குத்து என்று உசிக்கை நன்றாகவே வாட்டினார். ஒன்பதாம் ரவுண்டில் எல்லாம் தலைகீழானது. இடது கை விழுந்தது, ஃபியூரி தடுமாறி ரிங்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனார். உசிக் அவரை விடாமல் தொடர்ந்தார். கயிறுதான் ஃபியூரியைத் தாங்கியது, நடுவர் எண்ணினார். விரட்டும்போதும் உசிக்கின் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். வெறியில் ஓடுகிறவருக்கு முதலில் கலைவது காலடிதான். தீர்ப்பு பிரிந்து வந்தது. ரிங்குக்கு வெளியே உட்கார்ந்து புள்ளி போடும் மூன்று நடுவர்களில் இரண்டு பேர் உசிக்குக்கு, ஒருவர் ஃபியூரிக்கு. டிசம்பரில் மறுபடி மோதியபோது மூன்று பேருமே 116–112 என்று உசிக்குக்குக் கொடுத்தார்கள்.

அப்படியானால் கைநீளம் ஒன்றுமில்லையா? நிச்சயமாக இருக்கிறது. இரண்டு பேருக்கும் சமமான திறமை இருந்தால் நீளமானவர் பக்கம்தான் நான் பந்தயம் கட்டுவேன். ஆனால் நீளத்தைக் காப்பாற்றுவதும் கால்தான். இதற்கு முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் விளாடிமிர் கிளிட்ச்கோவைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. ரீச் 81 அங்குலம். 2003இல் கோரி சாண்டர்ஸ் அவரை இரண்டாவது ரவுண்டிலேயே முடித்தார். 2004இல் லேமன் புரூஸ்டரிடம் தோற்றார். கை அதே கைதான். அப்புறம் பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவர்ட் அவரைச் செதுக்கினார். ஜாப் போடு, ஒரு எட்டுப் பின்வாங்கு, எதிராளி அதையும் தாண்டி வந்தால் கட்டிப்பிடித்து உன் எடையை அவன் மேல் சாய். பார்க்க அலுப்பாக இருக்கும் என்று பலர் திட்டினார்கள். எனக்கு அது அலுத்ததே இல்லை. தன் பலவீனம் எதுவென்று தெரிந்துகொண்ட மனிதர் ஒவ்வொரு அடியிலும் அதை மூடிவைப்பதைப் பார்க்கிற அனுபவம் அது. பதினொரு வருடம் அவரை யாரும் தோற்கடிக்கவில்லை. 2015 நவம்பரில் டுசெல்டார்ஃபில் தோற்கடித்தவர் யார்? அவரைவிட நீளமான, அவரைவிட நன்றாக நகர்ந்த ஃபியூரி. போக்குக் காட்டியும் இடம் மாறியும் கிளிட்ச்கோவைக் கையை நீட்டவே விடவில்லை. ஃபியூரி வெறும் உயரத்தால் சாம்பியன் ஆனவர் அல்ல.

நீண்ட கை இருந்தும் தூரத்தைக் காப்பாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சாம்பியன், ஆந்தனி ஜோஷுவா. அவர் 2019 ஜூனில், தன்னைவிட 8 அங்குலம் ரீச் குறைந்த ஆண்டி ரூயிஸிடம் ஏழாம் ரவுண்டில் வீழ்ந்தார். ரூயிஸைக் கீழே தள்ளிய கையோடு, முடித்துவிடும் ஆவலில் நெருங்கிப் போய் நின்று அடித்துக்கொண்டதன் விளைவு. நீண்ட கைக்கு முழங்கை மடங்கும் தூரம் ஆகாது, குட்டைக் கைக்கு அதுதான் வீடு. டிசம்பரில் அதே ஜோஷுவா பன்னிரண்டு ரவுண்டும் ஜாப் போட்டபடி சுற்றிவந்து, புள்ளிகளில் சுலபமாக ஜெயித்தார்.

எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது குட்டைக் கைக்கு, மைக் டைசன். ரீச் 71 அங்குலம். ஜாப் வரும்போது தலையை அதன் வெளிப்பக்கம் சாய்ப்பார்; தலை போகிற பக்கமே காலும் போகும். கால் ஊன்றும்போது அவர் எதிராளியின் விலாவுக்குப் பக்கத்தில் நிற்பார், குத்து தரையிலிருந்து கிளம்பும். நீங்கள் கேட்ட டெக்னிக் இதுதான்: தப்பிக்கிற அசைவும் அடிக்கிற அசைவும் ஒன்றாகவே இருப்பது. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸுக்கு எதிரே அந்தத் தலையசைவு நின்றுபோனது. நேர்க்கோட்டில் நடந்துவந்தார். டக்ளஸின் 83 அங்குலக் கை அன்று முழு நீளத்துக்கும் வேலை செய்தது; பத்தாம் ரவுண்டில் முடிந்தது.

கடைசியாக ஒன்று. கால்வேலை என்றால் துள்ளல் என்று நினைத்துவிடாதீர்கள். 1994இல் 45 வயது ஜார்ஜ் ஃபோர்மனிடம் துள்ளல் ஏது? அவரை எதிர்த்த சாம்பியன் மைக்கேல் மூரர் புள்ளிகளில் முன்னால் இருந்தார், சுற்றிப் போகும்படி மூரரின் மூலையில் இருந்த அவருடைய ஆட்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள். மூரர் ஃபோர்மனுக்கு நேர் எதிரேயே நின்றார். பத்தாம் ரவுண்டில் ஃபோர்மனின் வலது கை வந்தது, படுத்த மூரர் எண்ணி முடிப்பதற்குள் எழவில்லை.

நீங்களும் அந்த அட்டையை எடுத்து, ரியாத்தின் எட்டாம், ஒன்பதாம் ரவுண்டுகளை ஒருமுறை பாருங்கள். உசிக்கின் வலது பாதத்தை மட்டும் பின்தொடருங்கள். என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.