பிறந்தவுடன் அழாத குழந்தை: கேள்வி பதில்

பதில்: பச்சிளங்குழந்தைகள் தீவிரப் பிரிவு மருத்துவர் ஒருவர்

கேள்வி: பிறந்தவுடன் அழவில்லை என்று அக்கா குழந்தையை மூன்று நாள் குளிர வைத்தார்கள். பாதம் சில்லென்று இருந்தது. பிஞ்சு உடம்புக்குக் கதகதப்புத்தானே வேண்டும்?

பதில்: மற்றக் குழந்தைகளுக்கு ஆமாம். ஆக்சிஜன் இல்லாமல் தவித்த மூளை, மூச்சு திரும்பியதும் தேறியதுபோலத் தோன்றும்; சில மணி நேரத்தில் மறுபடியும் உயிரணுக்கள் சாகத் தொடங்கும். அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். எனவே பிறந்த 6 மணி நேரத்துக்குள், தண்ணீர் ஓடும் மெத்தையில் கிடத்தி உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் வைத்திருக்கிறோம். பிறகு மணிக்கு அரை டிகிரி வீதம் மெல்ல ஏற்றுகிறோம்.

கேள்வி: இன்னும் குளிர வைத்தால்?

பதில்: அமெரிக்காவில் 32 டிகிரி, 120 மணி நேரம் என்றெல்லாம் பார்த்தார்கள். பலனில்லை, சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

கேள்வி: கூடவே, ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயெட்டின் ஊசி போடலாமாமே?

பதில்: விலங்குகளிடம் அருமையாக வேலை செய்த மருந்து. அமெரிக்காவில் 500 குழந்தைகளிடம் நடந்த ஹீல் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. எல்லோருக்கும் குளிர்சிகிச்சை உண்டு. மரணம் அல்லது வளர்ச்சிக் குறைபாடு: ஊசி பெற்றவர்களில் 52.5 சதவீதம், பெறாதவர்களில் 49.5. பக்கவிளைவுகளும் கூடின. விலங்கில் பலித்தது இங்கே பலிக்காததற்கு ஒரு காரணம் இருக்கலாம்: ஆய்வகத்து எலிக்குஞ்சுக்கு மூச்சு தடைப்பட்ட நிமிடம் நமக்குத் தெரியும். பிரசவ அறையில் யாருக்குத் தெரிகிறது?

கேள்வி (செவிலியர் மாணவி): நம் நாட்டில் குளிர்சிகிச்சை ஆபத்து என்கிறார்களே, ஐயா?

பதில்: ஹீலிக்ஸ் ஆய்வைச் சொல்கிறீர்கள், அம்மா. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 7 மருத்துவமனைகள், 408 குழந்தைகள்; சென்னையும் அதில் உண்டு. 2021இல் முடிவைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குளிர வைத்தவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள், வைக்காதவர்களில் 31. பணக்கார நாடுகளில் உயிர் காத்த அதே சிகிச்சை! கருவிகள் மோசம் என்று சொல்லித் தப்ப முடியாது. நல்ல கருவிகள், நல்ல மருத்துவமனைகள். பல குழந்தைகளுக்குப் பாதிப்பு பிரசவ வலிக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அப்படியானால் நம் 6 மணி நேரக் கணக்கே பிசகிவிடுகிறது. வெளிநாட்டுச் சிகிச்சை முறையை அப்படியே இறக்குமதி செய்வதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

கேள்வி: ஆய்வில் சேர்க்கக் கையெழுத்துக் கேட்டால்?

பதில்: எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல்போலத்தான் முடிவு செய்வார்கள், மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை. இது புரிந்த பிறகு கையெழுத்திடுங்கள். குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை யார் கூப்பிட்டுப் பரிசோதிப்பார்கள் என்றும் கேளுங்கள். உண்மையான முடிவு அப்போதுதான் தெரியும்.