ஃபைல் சேர்வர் இழுக்கிறதா? கொழும்பு அலுவலகங்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி அனுப்பியவர்களில் அநேகம் பேர் சின்ன அலுவலகக்காரர்கள். ஐந்து பத்து கணனி, மூலையில் ஒரு சேர்வர் அல்லது நாஸ் பெட்டி (கோப்புகளை வைத்துப் பகிர மட்டும் உள்ள சின்னக் கணனி), அவ்வளவுதான். "சேர்வர் ஸ்லோ" என்று மட்டும் எழுதியவர்களுக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை, குறை நினைக்க வேண்டாம். எந்த வேலை மெது, யாருக்கெல்லாம் மெது, எந்த நேரத்தில் மெது என்று எழுதி அனுப்புங்கள்.

கொட்டாஞ்சேனை, அச்சகம்: அண்ணா, 2 ஜிபி ஃபோட்டோஷொப் கோப்பு ஒன்று திறக்க மூன்று நிமிடம் போகிறது. கொப்பி பண்ணினால் எல்லாக் கணனியிலும் செக்கனுக்கு 11 எம்பிக்கு மேல் ஏறுவதில்லை. கடைக்காரர் புது சேர்வர் வாங்கச் சொல்கிறார்.

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம் தம்பி. அந்த 11 தான் துப்பு. எட்டு பிட் ஒரு பைட், ஆகவே 100 மெகாபிட் இணைப்பை எட்டால் வகுத்தால் செக்கனுக்கு 12.5 மெகாபைட். நெட்வேர்க்கின் சொந்தச் செலவு போக 11 சொச்சம் மிஞ்சும். கிகாபிட் (1000 மெகாபிட்) என்றால் 110 அளவில் வர வேண்டும். எல்லாக் கணனிக்கும் ஒரே அளவு என்பதால் சேர்வரிலிருந்து நெட்வேர்க் சுவிட்சுக்குப் (எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டி) போகும் கேபிளையோ சுவிட்சையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும், 100க்கு இரண்டு சோடி போதும். ஒரு கம்பி அறுந்தாலும் பல நேரம் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், இன்டர்நெட் வரும், ஒருவருக்கும் சந்தேகம் வராது. சேர்வர் விண்டோஸ் என்றால் நெட்வேர்க் அடப்டரின் நிலையைத் திறந்து வேகம் என்ன என்று பாருங்கள். லினக்ஸ் என்றால் ஈத்டூல் என்ற கட்டளை சொல்லும். கேபிளை மாற்றியும் 100 தான் என்றால் சுவிட்ச் பழசு. எப்படியும் புது சேர்வரின் விலைக்குக் கிட்டவும் வராது.

புதுக்கடை, சட்டத்தரணி அலுவலகம்: எங்களுக்குப் பெரிய ஸ்கேன் கோப்பு ஒன்று நொடியில் திறக்கிறது. ஆனால் ஒரு வழக்கின் ஃபோல்டரை, ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளோடு, கொப்பி பண்ண அரை மணித்தியாலம். கிகாபிட்தான், பார்த்துவிட்டோம். சேர்வர் லினக்ஸும் சம்பாவும் (லினக்ஸிலிருந்து விண்டோஸ் கணனிகளுக்குக் கோப்பைப் பகிரும் மென்பொருள்).

பதில்: இன்று வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. பெரிய கோப்பு வேகமாகப் போகிறது என்றால் கம்பியில் பிழை இல்லை. நேரம் வேறு இடங்களில் போகிறது.

முதலாவது டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் டிஸ்க்குக்கு ஒரு சுற்று 8.3 மில்லிசெக்கன். சராசரியாக அதில் பாதியைத் தேவையான தகவல் தலைக்குக் கீழே வந்து சேரும் வரை காத்திருப்பதிலும், இன்னும் எட்டு ஒன்பது மில்லிசெக்கனைத் தலையை நகர்த்துவதிலும் செலவழிக்கும். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்தால் செக்கனுக்கு 80 தடவை கிடைத்தாலே நல்லது. 4 கேபி துண்டுகளாக என்றால் அது 320 கேபி! தொடராகப் படிக்கும்போது செக்கனுக்கு 150 எம்பி தருகிற அதே டிஸ்க்தான் இது.

இரண்டாவது பேச்சு. ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் திற, விபரம் சொல், எழுது, மூடு என்று கணனியும் சேர்வரும் பல தடவை பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல், அன்டிவைரஸ் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும். ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்தி நேரம் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. அதனால் புதுக் கோப்பு ஒன்றை உண்டாக்கும் முன், அதே பெயர் வேறு எழுத்தளவில் இருக்கிறதா என்று சம்பா ஃபோல்டர் முழுவதையும் தேட வேண்டியிருக்கிறது. ஒரே ஃபோல்டரில் ஐம்பதாயிரம் ஸ்கேன் கிடந்தால் ஒவ்வொரு புதுக் கோப்புக்கும் இந்தத் தேடல்தான். ஆண்டு, வழக்கு இலக்கம் என்று பிரித்துப் போடுங்கள். பெயர்களை எல்லாம் சின்ன எழுத்துக்கு மாற்றிவிட்டுச் சம்பாவில் கேஸ் சென்சிடிவ் (பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகப் பார்க்கும்) அமைப்பை இயக்குவதும் ஒரு வழி. ஆனால் பெயர் மாற்றாமல் இயக்கினால் கோப்பைக் காணவில்லை என்று அலுவலகமே உங்களைத் தேடி வரும்.

அதே அலுவலகம்: எஸ்எஸ்டி (சுற்றாத, சிப்பில் எழுதும் டிஸ்க்) போட்டால் முடிந்துவிடுமா?

பதில்: முதலாவது முடியும். மற்ற இரண்டும் இருக்கும்.

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற கணக்காளர்: தம்பி, காலையில் நல்ல ஓட்டம். இரண்டு மணிக்குப் பிறகு எல்லாருக்கும் இழுக்கிறது. சூடு என்கிறான் எங்கள் பையன்.

பதில்: ஐயா, சூட்டைக் குற்றம் சொல்லும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். தினமும் ஒரே நேரம் என்றால் அந்த நேரத்தில் ஏதோ ஒரு வேலை தொடங்குகிறது: பேக்கப், வைரஸ் ஸ்கேன், ரெய்ட் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) சோதனை, கிளவுட் ஒத்திசைவு, இவற்றில் ஒன்று. இழுக்கும் அந்த நேரத்திலேயே, லினக்ஸ் என்றால் ஐஓஸ்டாட் கட்டளை, விண்டோஸ் என்றால் ரிசோர்ஸ் மொனிட்டர் திறந்து டிஸ்க் எவ்வளவு நேரம் பதிலுக்குக் காக்க வைக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பேக்கப்பை இரவுக்கு மாற்றுவதோடு அநேகமாகக் கதை முடியும். பையனையும் முற்றாகத் தள்ள வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் ஏசியை நிறுத்துகிற வழக்கம் இருந்தால் சூடேறிய பிரொசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடற்பக்கம் என்றால் பிளக்குகளின் ஊசிகளையும் ஒருக்கால் பாருங்கள், உப்புக் காற்று அரித்துவிடும்.

புறக்கோட்டை, மொத்த வியாபாரம்: ரெய்ட் கார்ட் உள்ள பழைய சேர்வர். வாசிப்பது முந்தைய வேகம்தான், எழுதுவது மட்டும் ஒரு நாளில் படுத்துவிட்டது.

பதில்: கார்டின் பற்றரியாக இருக்கலாம். பற்றரி நல்லாக இருக்கும்வரை கார்ட் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதிவிட்டேன்" என்று சொல்லும். பற்றரி செத்ததும் அந்தத் துணிச்சல் போய்விடும், டிஸ்க்கில் போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் சொல்லும். கார்டின் பதிவேட்டில் இது எழுதியிருக்கும். டிஸ்க் ஒன்று பழுதாகி ரெய்ட் குறையில் ஓடுகிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள், அது இதைவிட அவசரம். பற்றரி இல்லாமலே பழைய முறையைக் கட்டாயப்படுத்தும் அமைப்பு ஒன்று உண்டு. தொடாதீர்கள். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் பார்த்த ஊர் இது. கரண்ட் போகும் நொடியில் நினைவகத்தில் இருந்த கணக்கு போனதுதான்.

வத்தளை, வீட்டிலிருந்து வேலை: அண்ணா, வீட்டில் 100 மெகாபிட் ஃபைபர். விபிஎன் (இணையம் வழியாக அலுவலக நெட்வேர்க்குக்குள் நுழையும் இணைப்பு) வழியாக அலுவலக ஃபோல்டர் திறக்கவே ஒரு நிமிடம்.

பதில்: உங்கள் டவுன்லோட் அலுவலகத்துக்கு அப்லோட். அங்கே அப்லோட் எவ்வளவு என்று கேளுங்கள், பல பக்கேஜுகளில் அது டவுன்லோடை விட நன்றாகக் குறைவு. மேலே சொன்ன பேச்சும் இருக்கிறது: அலுவலகத்துக்குள் ஒரு மில்லிசெக்கனுக்குள் முடிகிற ஒரு கேள்வி பதில் விபிஎன்னில் 20 மில்லிசெக்கன் என்றால், ஆயிரம் கேள்விக்கு 20 செக்கன். அதற்கு ஃபைபர் வேகம் உதவாது. அலுவலகக் கணனியை ரிமோட் டெஸ்க்டொப்பில் திறந்து வேலை செய்யுங்கள், கோப்பு அங்கேயே இருக்கட்டும்.

தெஹிவளை, மாணவி: இணையத்தில் பார்த்துச் சம்பாவில் சொக்கெட் ஒப்ஷன்ஸ் என்ற நெட்வேர்க் அமைப்பு வரி ஒன்று போட்டேன், பஃபர் (தகவலைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் இடம்) 8192 என்று. வேகம் கூடவில்லை, குறைந்துவிட்டது அண்ணா.

பதில்: அந்த வரியை அழித்துவிடுங்கள் தங்கச்சி. பழைய காலத்து வைத்தியம் அது. இப்போதைய லினக்ஸ் பஃபரைத் தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைக்கும், நீங்கள் எண் கொடுத்தால் அந்த எண்ணிலேயே நின்றுவிடும்.

பம்பலப்பிட்டி, விளம்பர நிறுவனம்: எஸ்எம்பி 1ஐ (விண்டோஸ் கோப்புப் பகிர்வின் பழைய முறை) இயக்கினால் எங்கள் பழைய ஸ்கேனர் சேர்வரில் எழுதுகிறது. வேகமும் கூடுமா?

பதில்: வேகம் கூடாது, குறையும். ஆபத்தும்கூட, இயக்க வேண்டாம். 2017 மே மாதம் வனாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஸ்கேனரில் எஃப்டிபி அல்லது ஈமெயிலுக்கு அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் யூஎஸ்பியில் ஒரு கணனியோடு கட்டிவிடுங்கள்.