உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் அரிய கட்டிகளைப் பற்றி, குறிப்பாக அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற புற்றுநோய் பற்றி (இனி ஏ.சி.சி.), என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். ஒன்று மட்டும்: நான் ஆய்வுக்கூடத்து ஆள், மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர் இல்லை.

கேள்வி: அப்பாவுக்குக் காதுக்குக் கீழே வலியில்லாத கட்டி. ஸ்கேனில் பரோடிட் (காதை ஒட்டிய உமிழ்நீர்ச் சுரப்பி) கட்டி என்கிறார்கள். புற்றுநோயா சார்?

பெரும்பாலும் இருக்காது. பரோடிட் கட்டிகளில் ஐந்தில் நான்கு சாதாரணக் கட்டிகள்தான், அதிலும் பிளியோமார்பிக் அடினோமாவே அதிகம். கட்டி வந்த சுரப்பி எவ்வளவு சின்ன வகையோ, அவ்வளவு சந்தேகம் கூடும். நாக்குக்கு அடியிலோ மேல் அண்ணத்திலோ வந்திருந்தால் கதை வேறு. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் முக நரம்பு அந்தச் சுரப்பிக்குள் புகுந்துதான் ஐந்து கிளையாகப் பிரிகிறது. ஊசியால் கட்டியிலிருந்து செல் எடுத்துப் பார்க்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். சாதாரணக் கட்டிதானே என்று வருஷக்கணக்கில் விட்டாலும் சிலருக்கு அது புற்றாக மாறுவதுண்டு.

கேள்வி: ஏ.சி.சி.க்கு இன்னும் சரியான மருந்து ஏன் வரவில்லை? பத்தொன்பதாம் நூற்றாண்டு அறுவை மருத்துவர் பில்ரோத் காலத்திலேயே தெரிந்த நோய்தானே?

ஆமாம், 1850களிலேயே அவர் எழுதிவிட்டார். ஸ்லைடில் பார்த்தால் மறக்க முடியாது: நீலமாய்ச் சாயமேறிய செல் கூட்டம், நடுவில் இடியாப்பத் தட்டு மாதிரி வட்ட வட்டமாகத் துளைகள், ஓரத்தில் ஒரு நரம்பு இருந்தால் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு நிற்கும் செல்கள். பார்த்தவுடன் பெயர் சொல்லலாம், மருந்துதான் சொல்ல முடியாது.

அமெரிக்காவிலேயே வருஷத்துக்குச் சுமார் 1,200 பேருக்குத்தான் வருகிறது, ஆகவே கம்பெனிகளுக்கு ஆர்வம் குறைவு. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் 2009இல் வெளியான ஒரு விஷயம். உலகமெங்கும் ஏ.சி.சி. என்று நம்பி வளர்த்துவந்த 6 செல் வரிசைகளின் (ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து பெருக்கும் செல்கள்) டி.என்.ஏ.வைச் சோதித்தார்கள், ஒன்றுகூட ஏ.சி.சி. இல்லை! மூன்று கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்கள், ஒன்று சிறுநீர்ப்பைப் புற்று, மீதி இரண்டு மனிதச் செல்லே அல்ல. அவற்றின் மேல் மருந்து ஊற்றி எழுதிய கட்டுரைகளையெல்லாம் என்ன செய்வது? அதற்குப் பிறகும் சிலர் அதே செல்களைப் பயன்படுத்தி எழுதினார்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நல்லதும் அதே வருஷம் நடந்தது. ஸ்வீடனில் யோத்தபோரி நகரத்து ஸ்டென்மன் குழு, 6ஆம் குரோமோசோமும் 9ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டு எம்.ஒய்.பி., என்.எஃப்.ஐ.பி. என்ற இரு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் காட்டியது. குற்றவாளி தெரிந்துவிட்டது, ஆனால் எம்.ஒய்.பி. என்சைம் இல்லை, மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம். மருந்து போய் உட்கார அதில் வசதியான பள்ளம் கிடையாது.

கேள்வி: குவாண்டம் பொருட்கள் தியரியில் ஆராய்ச்சி செய்கிறேன். என் துறையால் உங்களுக்கு ஏதாவது உபயோகம் உண்டா அண்ணா?

குவாண்டம் கம்ப்யூட்டர் புற்றைக் குணப்படுத்தும் என்று வரும் தலைப்புச் செய்திகளை நான் திறப்பதே இல்லை. ஆனால் உங்கள் துறையின் மூத்த பிள்ளை ஒன்று ஆஸ்பத்திரியில் தினமும் உழைக்கிறது. மீகடத்தலை, அதாவது கடுங்குளிரில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுவதை, நெதர்லாந்தின் லைடனில் ஓனஸ் கண்டது 1911, அது ஏன் என்று பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் விளக்கியது 1957. இன்று பெரும்பாலான எம்.ஆர்.ஐ. காந்தங்களுக்குள் இருப்பது திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரி வரை குளிர்ந்த நியோபியம்-டைட்டானியம் மீகடத்திக் கம்பிதான். ஏ.சி.சி. நரம்பு வழியாக மண்டையோட்டின் அடிப்பகுதிக்கு ஏறுவதை நன்றாகப் பார்க்க அந்த எம்.ஆர்.ஐ.யைத்தான் நம்பியிருக்கிறோம். அதனால், உபயோகம் என்ன என்று கேட்கும் உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆபரேஷன், ரேடியேஷன் முடிந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இனி ஸ்கேன் தேவையா?

தேவை. ஏ.சி.சி.க்கு ஐந்து வருஷக் கணக்கு செல்லாது, பத்து, பதினைந்து வருஷம் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும். பயப்படவும் வேண்டாம், அங்கே வந்தாலும் பலருக்கு மெதுவாகத்தான் வளரும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: பழைய பயாப்ஸி பிளாக்கை (கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்தது) ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வைக்கவா?

எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். செக்ரீட்டரி கார்சினோமா என்ற உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று வகையை ஸ்காலோவா குழு தனியாகப் பிரித்துக் காட்டியதே 2010இல்தான், அதற்கு முன் அவற்றில் பலவற்றுக்கு அசினிக் செல் கார்சினோமா என்ற வேறு வகையின் பெயரைப் போட்டிருந்தார்கள். அந்த வகையில் பெரும்பாலும் இருக்கும் என்.டி.ஆர்.கே. மரபணு இணைவுக்கு 2018இல் லாரோட்ரெக்டினிப் மாத்திரை அனுமதி பெற்றது. நோய் திரும்பினால் அந்தப் பழைய மெழுகு பிளாக்கிலிருந்து வெட்டித்தான் மறுபடி சோதிப்பார்கள்.