ஆங்கிலச் சொல்வளம்: கடலோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஐயா, வங்கித் தேர்வுக்காக ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ‘ஏ’ எழுத்தில் தொடங்கி தினம் முப்பது ஆங்கில வார்த்தை மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஐந்துகூட மிஞ்சவில்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவா?
– பட்டதாரி இளைஞர், பாம்பன்

ஞாபகசக்தியில் குறை இல்லை தம்பி, படிக்கிற வரிசையில்தான் கோளாறு. அகரவரிசையில் போனால் அட்வர்ஸ், அவர்ஸ், அபேட், அபெட் என்று கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றுபோல இருப்பவை அடுத்தடுத்து வரும். எல்லாமே புதிது என்பதால் ஒன்றின் பொருள் இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். ஒரே பொருள் தரும் சொற்களைக் கூட்டமாகப் படித்தாலும் இதே தொல்லைதான். ஒன்றை நன்றாக ஊன்றிவிட்டு, இரண்டு வாரம் கழித்து அதன் ஜோடியை எடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. தினம் ஏழு போதும். விடாமல் செய்தால் வருஷத்துக்கு 2,500 சொல் வந்துவிடும். முப்பது வேண்டவே வேண்டாம். புதியதைச் சேர்ப்பதற்கே நேரம் போய், பழையதைத் திருப்ப நேரம் இருக்காது.

மறதி முதல் நாளில்தான் மிக வேகமாக நடக்கிறது, பிறகு நிதானப்படுகிறது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து, 1885-இல் இதை எழுதினார். ஆகவே முதல் திருப்புதல் மறுநாளே நடக்க வேண்டும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் சொன்ன ஐந்து பெட்டி முறை இதற்குத் தோதானது. ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் ஒரு சீட்டு, அது முதல் பெட்டியில் தொடங்கும். அதன் முன்பக்கம் சொல்லுக்குரிய இடத்தைக் கோடிட்டு விட்டு ஒரு வாக்கியம் எழுதுங்கள். பின்பக்கம் சொல், பொருள், உச்சரிப்பு, அதோடு சேர்ந்து வரும் இரண்டு சொற்கள். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை எடுங்கள். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த பெட்டிக்குப் போகும். தவறினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்பும். இதில் இரக்கம் காட்டக் கூடாது. முதல் பெட்டியில் நாற்பது சீட்டு சேர்ந்துவிட்டால், அது இறங்கும்வரை புதுச் சொல் எடுக்காதீர்கள்.

பெரும்பாலோர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு ‘இது தெரிந்ததுதானே’ என்று தள்ளிவிடுவார்கள். பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் வாயில் வருவது வேறு. வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்புங்கள்.

உங்கள் ஊர் உப்புக்காற்றில் மெல்லிய தாள் நமத்துச் சுருண்டுவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள். கைப்பேசிதான் வசதி என்றால் ஆங்க்கி செயலி இதே வேலையைச் செய்யும். ஆனால் பிறர் தயாரித்த சீட்டுக் கட்டை இறக்காதீர்கள். வாக்கியத்தைத் தேடி எழுதுவதிலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடுகிறது.

எந்த வார்த்தைகளைப் படிப்பது என்றே தெரியவில்லை. பெரிய பெரிய வார்த்தையாகப் போட்டு எழுதினால்தான் மதிப்பு என்கிறார்கள். உண்மையா?
– பிளஸ் டூ மாணவி, தங்கச்சிமடம்

இல்லை. பெரிய சொல் வேறு, உயர்நிலைச் சொல் வேறு. முதலில் அடித்தளமான இரண்டாயிரம் சொற்கள் கைவசம் இருக்க வேண்டும். டாக்காவில் பணியாற்றிய ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட் அப்படி ஒரு பட்டியலை 1953-இல் வெளியிட்டார். அதற்கு அடுத்த படி, நியூசிலாந்தின் வெலிங்டனில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தில் அவெரில் காக்ஸ்ஹெட் என்ற மொழி ஆய்வாளர் 2000-இல் தொகுத்த கல்விச் சொற்பட்டியல். அதில் 570 சொற்குடும்பங்கள்தான். ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். ஆனால் கல்லூரி அளவிலான நூல்களில் ஏறத்தாழ பத்துச் சொல்லுக்கு ஒன்று இந்தப் பட்டியலில் இருந்து வருகிறது. அனலைஸ், அஸ்யூம், சிக்னிஃபிகண்ட், கான்ட்ரிப்யூட் என எதுவும் ஆடம்பரச் சொல் அல்ல. பிளஸ் டூ முடிப்பதற்குள் இதை முடித்துவிடலாம்.

அதன்பிறகு பட்டியலை விட்டுவிட்டு, உங்களுக்கு விஷயம் தெரிந்த துறையில் ஆங்கிலக் கட்டுரை படியுங்கள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, அதன் 21 தீவுகள், பவளப்பாறை, பாசி வளர்ப்பு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் எல்லாம் உங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. விஷயம் ஏற்கெனவே தெரியும், சொல் மட்டும்தான் புதிது. அப்படிப்பட்ட கட்டுரையில் டிப்ளீட், ஃப்ராஜைல், லைவ்லிஹுட், எரோஷன், சஸ்டெயினபிள் எல்லாம் தானாகவே வந்து நிற்கும்.

நூறு சொல்லில் இரண்டு மூன்று தெரியாவிட்டால் அந்தக் கட்டுரை உங்களுக்குப் பொருத்தமானது. ஐந்துக்கு மேல் போனால் எளிதான வேறொன்றை எடுங்கள். தெரியாத எல்லாவற்றையும் குறிக்க வேண்டாம். இரண்டு முறை வந்ததையும், தெரியாவிட்டால் வாக்கியமே நிற்காது என்பதையும் மட்டும் சீட்டில் ஏற்றுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதப் போகிறேன். வார்த்தையின் பொருள் எனக்குத் தெரிகிறது. ஆனால் கட்டுரையில் போட்டால் ‘இங்கே இது வராது’ என்று பயிற்சி ஆசிரியர் சுழித்துவிடுகிறார். ஏன்?
– செவிலியர், கீழக்கரை

பொருளை மட்டும் படித்ததால்தான். எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதையும் படிக்க வேண்டும். தமிழில் பலத்த மழை, பலத்த காற்று என்று இரண்டுக்கும் ஒரே அடைமொழி போடுகிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதிவிடுகிறோம். அங்கே மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங், கொந்தளிக்கும் கடலுக்கு ரஃப். தவறுக்கு ‘டூ’ வராது, ‘மேக்’தான்.

மேலே தங்கச்சிமடம் மாணவிக்குச் சொன்ன டிப்ளீட் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘குறைத்தல்’ என்று மட்டும் எழுதி வைத்தால், விலை குறைந்ததற்கும் காய்ச்சல் குறைந்ததற்கும் அதைப் போட்டுவிடுவீர்கள், இரண்டும் தவறு. இருப்பாக இருக்கிற ஒன்று எடுக்க எடுக்க வற்றுவதற்கே அது வரும்: மீன்வளம், நிலத்தடி நீர், ஓசோன் படலம். எனவே சீட்டில் ஃபிஷ் ஸ்டாக்ஸ், கிரவுண்ட் வாட்டர் என்று கூட்டாளிகளையும், ‘சிவியர்லி டிப்ளீட்டட்’ என்ற தொடரையும், டிப்ளீஷன் என்ற பெயர்ச்சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். இதேபோல மிட்டிகேட், அலீவியேட் இரண்டுக்கும் பொருள் தணித்தல்தான். ஆனால் மிட்டிகேட் என்பது ரிஸ்க், இம்பேக்ட், டேமேஜ் ஆகியவற்றோடு வரும். அலீவியேட் என்பது வலி, வறுமை, துயரம் ஆகியவற்றோடு வரும். நோயாளியின் வலியைத் தணிப்பதைத் தினமும் செய்கிற உங்களுக்கு இரண்டாவது சீக்கிரம் பிடிபடும்.

இன்னொரு தொல்லை, ஒட்டக் கூடாத முன்னிடைச்சொல். டிஸ்கஸ் என்பதற்குப் பின் ‘எபவுட்’ வராது, எம்ஃபசைஸ் என்பதற்குப் பின் ‘ஆன்’ வராது. ‘கோப் அப் வித்’ என்று எழுதுகிறார்கள், நடுவில் ‘அப்’ கிடையாது.

எழுத்துத் தேர்வில் மதிப்பிடும் அம்சங்கள் நான்கு. நான்குக்கும் சம மதிப்பு, அதில் ஒன்று சொல்வளம். 7-ஆம் பேண்டு என்ற தரநிலைக்கு அரிதான சொற்களை நடையும் சேர்க்கையும் ஓரளவு அறிந்து பயன்படுத்த வேண்டும் என்பது அளவுகோல். ஆகவே பொருத்தமில்லாத இடத்தில் திணித்த அரிய சொல் மதிப்பெண்ணைக் கூட்டாது. ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் சொந்தமாக மூன்று வாக்கியம் எழுதி, அகராதியின் எடுத்துக்காட்டோடு ஒப்பிட்டு, மூன்றும் சரியான பிறகே தேர்வுக் கட்டுரையில் போடுங்கள்.

தமிழ் அகராதி வாங்கவா, ஆங்கிலம்–ஆங்கிலம் வாங்கவா?
– தொண்டி

இரண்டும் வேண்டும், வேலை வேறு வேறு. பொருள் சட்டென்று பிடிபட சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ் அகராதி உதவும். 1960-களில் வந்தது என்பதால் கணினி, மருத்துவத் துறைகளின் புதுச் சொற்களை அதில் தேடாதீர்கள். பயன்பாட்டுக்கு ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி. எளிய சொற்களில் விளக்கம், எடுத்துக்காட்டு வாக்கியம், இலக்கணக் குறிப்பு மூன்றும் இருக்கும். அதன் இணையதளத்தில் இலவசமாக உச்சரிப்பையும் கேட்கலாம். கேட்காமல் படித்தால் டிட்டர்மின் என்பதை ‘டிட்டர்மைன்’ என்று பழகிவிடுவோம், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

லத்தீன் வேர்ச்சொல் படித்தால் ஆயிரக்கணக்கில் வார்த்தை வரும் என்கிறார்களே?
– தேவிபட்டினம்

வரும் என்பது மிகை. படித்ததை நிறுத்தி வைக்க உதவும் என்பது சரி. ‘ஸ்பெக்ட்’ என்றால் பார்த்தல் என்று தெரிந்தால் இன்ஸ்பெக்ட், ப்ராஸ்பெக்ட், ரெட்ராஸ்பெக்ட் மூன்றும் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி நிற்கும். இருபது முப்பது வேர் போதும். ஆனால் தெரியாத சொல்லின் பொருளை வேரை வைத்து ஊகித்தால் அதை உறுதி செய்யாமல் விடாதீர்கள். ‘இன்’ வந்தால் எதிர்மறை என்று நம்பி இன்வேல்யூயபிள் என்பதை மதிப்பற்றது என்று எழுதுவோர் உண்டு. அதன் பொருள் விலைமதிப்பற்ற அளவுக்கு உயர்ந்தது. இன்ஃப்ளேமபிள் என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. டீசல் பீப்பாயில் இந்தச் சொல்லைப் பார்த்தால் தள்ளியே நில்லுங்கள்.