லில்லி எப்போது முளைக்கும்? தோட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

தெம்பனிஸ்: அக்கா, ஓரியண்டல் லில்லிக் கிழங்கு வாங்கி நட்டு ஐந்து வாரமாகிறது. மண்ணில் அசைவே இல்லை. பாக்கெட்டில் "வசந்தத்தில் முளைக்கும்" என்று போட்டிருக்கிறார்கள். தோண்டிப் பார்க்கவா?

தோண்டாதீர்கள், தம்பி. ஒரு லில்லிக் கிழங்குக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு குருத்துதான். மண்ணுக்குள் அது கிழங்கின் உச்சியில் வெளிறிய மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கரண்டி பட்டு அது ஒடிந்தால் கிழங்கு சாகாது, ஆனால் அந்த வருஷத்துப் பூ போச்சு.

பாக்கெட்டில் போட்டிருக்கும் வசந்தம் குளிர்நாட்டு வசந்தம். அங்கே இலையுதிர் காலத்தில் நடுவார்கள், பனிக்காலம் முழுக்கக் கிழங்கு குளிரில் கிடக்கும், மார்ச் ஏப்ரலில் மண் சூடாகும்போது முளை எட்டிப் பார்க்கும். கிட்டத்தட்ட 2 முதல் 5 டிகிரியில் ஆறு, எட்டு வாரம் கிடந்தால்தான் அது ஒழுங்காக வளர்ந்து பூக்கும். நமக்கோ இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது கடைக்காரரிடம்: குளிரூட்டிய கிழங்கா, இல்லையா? குளிரூட்டியது என்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். ஆசியாட்டிக் வகை சீக்கிரம் வரும், ஓரியண்டல் மெதுவாகத்தான் வரும். குளிரூட்டாதது என்றால் காத்திருந்து பயனில்லை.

சந்தேகம் தீரவில்லையா? தொட்டியின் ஓரத்திலிருந்து விரலால் மண்ணை ஒதுக்கி, கிழங்கின் பக்கவாட்டை மட்டும் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மூடிவிடுங்கள். கொழகொழவென்று அமுங்கி, நாற்றமும் அடித்தால் அழுகிவிட்டது. அந்த மண்ணோடு சேர்த்துத் தூக்கிப் போடுங்கள்.

ஈசூன்: குளிரூட்டாத கிழங்கை வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்கிறார்கள். எப்படி?

காய்கறித் தட்டில் வையுங்கள், ஃபிரீஸரில் வேண்டாம். லில்லிக் கிழங்குக்கு வெங்காயத்துக்கு இருப்பதுபோல் மேல்தோல் கிடையாது, சதைப்பற்றுள்ள செதில்கள் திறந்தபடி இருக்கும். சும்மா வைத்தால் வற்றிவிடும். தேங்காய் நார்த்தூளை நனைத்து, நன்றாகப் பிழிந்து, அதில் கிழங்கைப் புதைத்து, துளை போட்ட பிளாஸ்டிக் பையில் எட்டு வாரம் வையுங்கள். பக்கத்தில் ஆப்பிள் இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். பையின்மேல் "சமைக்காதே" என்று எழுதுவதும் நல்லது, வீட்டில் சமைப்பவர் வேறொருவர் என்றால்.

பைக்குள்ளேயே முளை வந்துவிட்டால் எட்டு வாரக் கணக்கை மறந்துவிட்டு உடனே நடுங்கள். முளை வெளுத்திருந்தால் பயம் வேண்டாம், நிழலில் வைத்தால் பச்சையாகிவிடும்.

பொங்கோல்: சூப்பர்மார்க்கெட்டில் சூப்புக்கு விற்கும் லில்லிக் கிழங்கை நட்டால் வருமா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது! சீனர்கள் சமைக்கும் அந்த வெள்ளைக் கிழங்கும் நிஜ லில்லிதான். சீனாவின் லான்சோ பக்கத்து மேட்டுநிலத்தில் விளைவது இதில் பேர்பெற்றது. கடையிலேயே குளிரில் கிடப்பதால் பாதி வேலை முடிந்திருக்கும். அடித்தட்டு, அதாவது வேர் வரும் இடம், வெட்டப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் சூப்புக்குத்தான் ஆகும். இருந்தால் நடலாம், தண்டும் இலையும் வர வாய்ப்புண்டு. பூவை எதிர்பார்க்காதீர்கள்.

அங் மோ கியோ: எவ்வளவு ஆழம்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் வைக்கலாமா?

கிழங்கின்மேல் 10 முதல் 15 செண்டிமீட்டர் மண் இருக்கட்டும். கிழங்குக்கு மேலே தண்டிலிருந்தும் வேர் விடும் செடி இது. மேலாக நட்டால் அந்த வேருக்கு இடமில்லாமல், பூக்கும் நேரத்தில் சாய்ந்துவிடும். தண்ணீர் சட்டென்று வடியும் மண் முக்கியம். டிசம்பர், ஜனவரி மழையில் சாரல் அடிக்கும் இடமென்றால் தொட்டியை உள்ளே தள்ளுங்கள். காலை வெயில் போதும்.

தாழ்வாரத்தில் நடைவழிக்கு 1.2 மீட்டர் விட வேண்டும். தொட்டியடித் தட்டு வேண்டவே வேண்டாம். அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் அபராதம் உங்களுக்குத்தான்.

உட்லண்ட்ஸ்: மெல்பர்னில் இருக்கும் மகள் ஜூனில் நட்டாள். செப்டம்பர் வந்தும் முளைக்கவில்லையாம். பக்கத்து வீட்டு டாஃபடில் பூத்தே முடிந்துவிட்டதாம்.

டாஃபடிலோடு ஒப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா, லில்லி அதற்குப் பிறகுதான் வரும். அங்கே செப்டம்பரில்தான் வசந்தம் தொடங்குகிறது. நட்ட இடத்தில் ஒரு குச்சி நட்டு வைக்கச் சொல்லுங்கள், களை கொத்தும்போது முளையையும் சேர்த்துக் கொத்திவிடாமல் இருக்க.

செங்காங்: வீட்டில் பூனை இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். நிஜ லில்லியின் இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே ஆபத்து. 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீட்டில் பூனை வளர்க்க அனுமதி வந்துவிட்டது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். பூனை தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவரிடம் ஓடுங்கள், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பிடோக்: ஒருமுறை பூத்த கிழங்கு அடுத்த வருஷமும் பூக்குமா?

மறுபடி ஃபிரிட்ஜில் வைத்தால் பூக்கலாம். ஆனால் நம் சூட்டில் இலை சீக்கிரம் வாடிவிடும், கிழங்கு சத்துச் சேர்ப்பதற்குள் இளைத்துவிடும். என்னைக் கேட்டால், இதைத் திருவிழாச் செலவாக நினைத்துக்கொள்ளுங்கள். நீலகிரி, பழனி மலைகளில் வெள்ளை லில்லி தானாகவே வளர்கிறது, உண்மைதான். அது மலைக் குளிர். நமக்கு நிலைத்து நிற்பது மழை லில்லிதான். லில்லிக் குடும்பமே இல்லை, ஆனால் குளிர் கேட்காது.

சுவா சூ காங்: மழை லில்லி வைத்திருக்கிறேன். புல் மாதிரி இலைதான் வருகிறது, பூவே இல்லை.

தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? இரண்டு வாரம் நிறுத்துங்கள். அப்புறம் ஒரே நாளில் தொட்டி நிறைய ஊற்றுங்கள், மழை பெய்தால் மழையில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் மொட்டுத் தெரியும். தெரியவில்லை என்றால் வெயில் போதவில்லை, இடத்தை மாற்றுங்கள்.