முதல் காராகப் பழைய காரை வாங்கலாமா? வாங்குமுன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். எஞ்சின் எப்படியிருக்குமோ என்றுதான் பலரும் அதிகம் யோசிப்பார்கள். அதை நம்பகமான மெக்கானிக் ஒருவர் சற்று தூரம் ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். அவரை அழைத்துச் செல்வதற்கு முன்பே ஆவணங்களை நீங்கள் பார்த்து முடித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு ஒத்துப்போக வேண்டும். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், கடனை அடைத்துவிட்டதாக விற்பவர் வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காமல், வங்கியின் என்.ஓ.சி.யையும் (ஆட்சேபமின்மைச் சான்று), கடன் ஒப்பந்தம் முடிந்ததைத் தெரிவிக்கும், வங்கி கையொப்பமிட்ட படிவம் 35-ஐயும் கேட்டு வாங்குங்கள். நிலுவையிலுள்ள அபராதங்களைப் மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனில் பார்த்துக்கொள்ளலாம்.

சென்னை வண்டியாக இருந்தால், 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கியதா என்று அவசியம் பாருங்கள். உள்ளே எவ்வளவுதான் கழுவித் துடைத்திருந்தாலும், சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தால், வழக்கமாகச் சுருண்டே இருக்கும் அடிப்பகுதியில் சேற்றுக்கறை காட்டிக்கொடுத்துவிடும். முன் இருக்கைகள் நகரும் தண்டவாளத்தில் துரு ஏறியிருப்பதும் அதே கதைதான். டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் (தரையைப் பிடிக்கும் மேற்பரப்பு) தேயாமல் நன்றாக இருந்தாலும் பழைய டயருக்கு விலையில் குறைத்துக் கேளுங்கள்.

பணம் கைமாறும் நாளிலேயே படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பம் வாங்கி, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் பெயர் உள்ளவரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருப்பதால் விற்றவருக்கு அது ஆபத்து. வாங்கியவருக்கோ காப்பீட்டில் சிக்கல்: மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு சேர்ந்தே உங்களுக்கு மாறிவிடும் என்றாலும், உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக வராது. 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். முந்தைய உரிமையாளர் இழப்பீடு கோராமல் சேர்த்துவைத்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் அவருக்கே உரியது என்பதால், அதற்கான வித்தியாசத் தொகையையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.